13 பெயர்கள், 10 மொழிகள், ஒரு வரி: சுட்டெண்ணைத் தொலைக்கும் மொழியாய்வு

ஓர் அணியிலிருந்து தனித்த மதிப்புகளை மட்டும் பிரித்தெடுத்துத் தரும் செயற்கூறு, மொழித்தரவில் கை வைக்கும் எவருக்கும் பழக்கமானது. பைத்தானின் நம்பை நூலகத்திலும் மேட்லாபிலும் அதன் பெயர் 'யூனிக்'. ஆயிரம் சொல்லட்டைகளைக் கொடுத்தால், அவற்றுள் எத்தனை வேறு வேறு சொற்கள் உள்ளன என்று நொடிப்பொழுதில் சொல்லிவிடும். ஆனால் அது ஒரு விடையோடு நிற்பதன்று. கேட்டால் மூன்று விடைகளைத் தரவல்லது. முதலாவது தனித்த மதிப்புகளின் பட்டியல். மற்ற இரண்டும் சுட்டெண் வரிசைகள். ஆய்வேடுகளில் அச்சேறுவது பெரும்பாலும் முதல் விடை மட்டுமே. பயிற்சிப் பட்டறைகளிலும் "மற்ற இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர்.

அந்த 'இப்போதைக்கு' முடிவதே இல்லை என்பதுதான் சிக்கல். மொழியாய்வில் பட்டியல் என்பது முடிவு. சுட்டெண் என்பது சான்று. சான்றை எறிந்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எந்த அறிவுத்துறைக்கும் அழகன்று. சிறுபான்மை மொழிகளின் விஷயத்தில் அது அழகின்மையோடு நிற்பதில்லை, அழிப்பாகவும் ஆகிறது. இதை அந்தமான் நிகோபார்த் தீவுகளைவிடத் தெளிவாகக் காட்டும் களம் வேறில்லை.

1. மூன்று விடைகள் சொல்வது என்ன

ஆறு சொல்லட்டைகள் உள்ளன என்று கொள்க. ஒவ்வொன்றிலும் சொல் எந்த மொழிக்குரியது என்று எழுதப்பட்டுள்ளது. வரிசை இது: ஜெரு, போ, ஜெரு, கோரா, போ, ஜெரு.

முதல் விடை: கோரா, ஜெரு, போ. ஆறு மூன்றாயிற்று. செயற்கூறு இயல்பாகவே அகரவரிசைப்படுத்தித் தருகிறது. (இதுவும் ஒருங்குறி எண்ணின் வரிசையே, தமிழ் அகராதி மரபின் வரிசையன்று. ஒருங்குறியில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் நிற்கிறது. அகராதிகளில் அதன் இடம் இறுதியில்.)

இரண்டாம் விடை: 4, 1, 2. பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் மூல அணியில் முதன்முதலாக எந்த இடத்தில் வந்தது என்பதை இது சொல்கிறது. கோரா நான்காம் அட்டையில், ஜெரு முதல் அட்டையில், போ இரண்டாம் அட்டையில்.

மூன்றாம் விடை: 2, 3, 2, 1, 3, 2. இது மூல அணியின் நீளமே கொண்டது. ஒவ்வோர் அட்டையும் பட்டியலின் எந்த மதிப்பைச் சேர்ந்தது என்பதை இது சொல்கிறது. முதல் அட்டை பட்டியலின் இரண்டாம் மதிப்பு, அதாவது ஜெரு. இரண்டாம் அட்டை மூன்றாம் மதிப்பு, அதாவது போ. இப்படியே ஆறும்.

இவ்விரு சுட்டெண்களும் ஒன்றன்று. இரண்டாம் விடையைக் கொண்டு மூலத்திலிருந்து பட்டியலைப் பெறலாம். மூன்றாம் விடையைக் கொண்டு பட்டியலிலிருந்து மூலத்தை மீட்கலாம். ஒன்று போகும் வழி, மற்றொன்று திரும்பும் வழி. திரும்பும் வழியை வைத்திருப்பவர் எதையும் இழக்கவில்லை, சுருக்கினார், அவ்வளவே. அதை எறிந்தவர் எரித்துவிட்டார். ஜெருவுக்கு மூன்று அட்டை, போவுக்கு இரண்டு, கோராவுக்கு ஒன்று என்ற எண்ணிக்கைகூட மூன்றாம் விடையிலிருந்தே பிறக்கிறது. வெறும் பட்டியலில் மூன்று மொழிகளும் சமமாக நிற்கின்றன. அந்தச் சமத்துவம் பொய்யானது.

2. 1959ஆம் ஆண்டு ஆணை காட்டும் பாடம்

அந்தமான் நிகோபார்த் தீவுகளின் பட்டியல் பழங்குடியினரை வரையறுக்கும் அரசமைப்பு ஆணை 1959இல் வெளியிடப்பட்டது. அதில் உள்ளவை ஆறே வரிகள். முதல் வரியில் ஒன்றல்ல, 13 பெயர்கள் உள்ளன: அந்தமானியர், சாரியார், சாரி, கோரா, தாபோ, போ, யெரே, கெதே, பியா, பாலாவா, போஜிகியாப், ஜுவாய், கோல். அடுத்த ஐந்து வரிகளில் ஜாரவா, நிகோபாரியர், ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென் ஆகியோர் வரிக்கு ஒருவராக இடம்பெறுகின்றனர்.

முதல் வரியின் 13 பெயர்களையும் ஓர் அணியாகக் கொண்டு யூனிக் செயற்கூற்றில் இட்டால் 13 மதிப்புகளே திரும்பும். எழுத்தளவில் எதுவும் எதற்கும் சமமில்லை. மொழியியலாளர் பார்த்தால் கதை வேறு. சாரியாரும் சாரியும் ஒரே இனத்தாரின் பெயர். தாபோவும் போவும் அப்படியே. யெரே என்பது இன்று ஜெரு என எழுதப்படுவது. பாலாவா என்பது பாலே. போஜிகியாப் என்பது புச்சிக்வாருக்கு வழங்கிய மற்றொரு பெயர். அந்தமானியர் என்பது அனைவரையும் உள்ளடக்கும் பொதுப்பெயர். ஆகவே பொதுப்பெயர் ஒன்றையும் கழித்து, இரட்டிப்புகளையும் நீக்கினால் எஞ்சுவது 10: பெரிய அந்தமானிய மொழிக்குடும்பத்தின் பத்து மொழிகள்.

இந்த முடிவைச் சுட்டெண்ணாக எழுதினால் 1, 2, 2, 3, 4, 4, 5, 6, 7, 8, 9, 10, 11 என்று வரும். இரண்டு முறை வரும் 2, சாரியாரும் சாரியும் ஒன்று என்ற கூற்று. இரண்டு முறை வரும் 4, தாபோவும் போவும் ஒன்று என்ற கூற்று. இந்தக் கூற்றுகளைக் கணினி சொல்லவில்லை. மொழியியலாளர் ஒருவர் சொன்னார். பட்டியலில் அவர் பெயரற்றவர். சுட்டெண்ணில்தான் அவருடைய தீர்ப்பு வரிக்கு வரி பதிவாகியிருக்கிறது. அதை அச்சிடாத ஆய்வேடு, தீர்ப்பை மட்டும் வாசித்துவிட்டு வழக்கை மறைக்கும் நீதிமன்றத்தைப் போன்றது.

சட்டத்துக்கு இந்த வரி ஏன் 13 பெயர்களோடு தேவைப்பட்டது? யெரே என்று பதிந்தவரும் கோல் என்று பதிந்தவரும் ஒரே உரிமைக்குரியவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைக்க வேண்டியிருந்தது. எந்தப் பெயர் எந்த வரிக்குள் அடங்கும் என்ற பொருத்தமே அங்கே சட்டம். கணினியைக் காணாத 1959ஆம் ஆண்டு எழுத்தர் மூன்றாம் விடையைப் பாதுகாத்தார். கணினியை மடியில் வைத்திருக்கும் ஆய்வாளர் அதைக் குப்பையில் இடுகிறார்.

3. முதல் இடம் மூல இடம் அன்று

இரண்டாம் விடையைச் சிலர் பாதுகாக்கின்றனர். ஆனால் தவறாகப் பொருள் கொள்கின்றனர். 'முதன்முதலாக வந்த இடம்' என்பதை 'மிகப் பழைய சான்று' என்றோ 'மூல வடிவம்' என்றோ எழுதிவிடுகின்றனர். செயற்கூற்றுக்குக் காலம் தெரியாது. வரிசை எண் மட்டுமே தெரியும். கோப்பில் 1922ஆம் ஆண்டு ராட்கிளிஃப்-பிரவுன் நூலின் பதிவுகள் மேலேயும், 1898ஆம் ஆண்டு போர்ட்மேன் நூலின் பதிவுகள் கீழேயும் இருந்தால், 24 ஆண்டு பிந்தையதே 'முதல்' ஆகிவிடும். கோப்பை ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்தாலன்றி அந்தச் சுட்டெண்ணுக்கு வரலாற்றுப் பொருள் கிடையாது.

பதிப்புச் சிக்கலும் உண்டு. மேட்லாபின் பழைய பதிப்புகளில் இரண்டாம் விடை கடைசியாக வந்த இடத்தைத் தந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் முதலில் வந்த இடம் இயல்பானது. பழைய நடத்தை வேண்டுவோர் அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். நம்பையிலோ எண்ணுவது சுழியத்திலிருந்து தொடங்குகிறது. மேட்லாபில் 4 என்பது நம்பையில் 3. ஒரே தரவு, ஒரே கேள்வி. கருவியும் பதிப்பும் மாறினால் எண் மாறும்.

இது சில்லறை விஷயமன்று. 1959 ஆணையின் வரியை மேற்கண்டவாறு மொழிவாரியாகத் தொகுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பிரதிநிதிப் பெயரைச் சுட்டெண் கொண்டு எடுப்பதாக வைத்துக்கொள்க. முதல் இடம் என்ற விதிப்படி சாரியாரும் தாபோவும் பிரதிநிதிகள். கடைசி இடம் என்ற விதிப்படி சாரியும் போவும் பிரதிநிதிகள். இரண்டு ஆய்வேடுகள் இரண்டு பெயர்களோடு வெளிவரும். சுட்டெண்கள் இரண்டிலும் இல்லாததால் மூன்றாமவர் அவ்விரண்டையும் சேர்த்து, தாபோ ஒரு மொழி, போ மற்றொரு மொழி என்று எண்ணுவார். மொழிகளின் எண்ணிக்கை பிழைபடுவதற்கு யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. இரண்டு நேர்மையாளர்கள் சுட்டெண்ணைத் தொலைத்தால் போதும்.

4. ஒன்றுபோல் தோன்றுவன, வேறுபோல் தோன்றுவன

யூனிக் செயற்கூறு எழுத்துச் சரத்தை ஒப்பிடுகிறது, மொழியை ஒப்பிடுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் மொழியியல் இருக்கிறது.

வேறுபோல் தோன்றி ஒன்றாக இருப்பவை முதல் வகை. அகா-பியா, அகா-பியாடா, பியா ஆகிய மூன்றும் பழைய நூல்களில் ஒரே மொழிக்கு வழங்கிய பெயர்கள். 'அகா' என்பது பெயரின் பகுதியாகத் தோன்றினாலும் அது முன்னொட்டு. பெரிய அந்தமானிய மொழிகளில் பெயர்களும் வினைகளும் உடலுறுப்பு வகைப்பாட்டைச் சார்ந்த முன்னொட்டுகளை ஏற்கின்றன. வாய் சார்ந்த வகைக்குரியது இம்முன்னொட்டு; ஆகவே மொழிப்பெயர்களுக்கு முன் நிற்கிறது. 'அகா', 'அகர்', 'ஓகோ' எனத் தோன்றுபவை அதன் மொழிவாரி வடிவங்கள். 'டா' என்பது பியாவின் பெயர்ச்சொல் ஈறு. இலக்கணம் அறியாத செயற்கூறு இவற்றை மூன்று மொழி என்கும். இலக்கணம் அறிந்தவர் ஒன்று என்பார். அவர் அறிந்ததற்குச் சான்று எங்கே? மூன்றாம் விடையில்.

ஒன்றாகத் தோன்றி வேறாக இருப்பவை இரண்டாம் வகை. ஜாரவா என்ற பெயரில் அந்தமானில் ஒரு மொழி உண்டு. நைஜீரியாவில் மற்றொரு மொழி உண்டு. இரண்டுக்கும் உறவே இல்லை. பன்னாட்டு மொழிக்குறியீட்டுத் தரம் அந்தமானியதற்கு ஏ-என்-கியூ என்றும் நைஜீரியாவினதற்கு ஜே-ஏ-ஆர் என்றும் தனித்தனிக் குறியீடு தந்திருக்கிறது. பெயரை மட்டும் கொண்டு தனித்த மதிப்பு காண்பவரின் பட்டியலில் இரண்டும் ஒன்றாகிவிடும். நடு அந்தமானின் கோல் மொழிக்கும் இந்தியப் பெருநிலத்தில் முண்டா இனத்தாரைக் குறிக்கக் காலனிய நூல்கள் ஆண்ட கோல் என்ற சொல்லுக்கும் இதே விபத்து நேரும். ஜாரவா என்ற பெயரோ அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்டதே அன்று. அது அகா-பியாவினர் பிறரைக் குறித்த சொல் என்பர். அம்மக்கள் தம்மை ஆங் என்றே சொல்லிக்கொள்கின்றனர்.

மூன்றாம் வகை தமிழ் எழுத்திலேயே ஒளிந்திருக்கிறது. 'போ' என்று தட்டச்சிடும்போது ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஏகாரக் கொம்பும் காலும் ஆகிய இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. செயற்கூற்றுக்கு இரண்டும் வேறு வேறு சரம். ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாத தமிழ்ச் சொற்பட்டியலில் ஒரே சொல் இருமுறை நிற்பதைக் கண்டு திகைப்போர் உண்டு. சுட்டெண்ணைப் பார்த்தால் எந்த அட்டை எந்தச் சரத்தோடு பொருந்தியது என்று உடனே தெரியும். பட்டியலை மட்டும் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

இடப்பெயர்களும் விலக்கல்ல. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பத்தாண்டுக் களத்தரவை ஒன்றாக்கும் ஆய்வாளருக்கு ஓர் ஊர் இரண்டாகிவிடும். ஊர் ஒன்றுதான் என்பதைப் பதியும் இடம் சுட்டெண்ணே.

5. மக்கள்தொகைக் கணக்கும் திரும்பும் வழியும்

இப்போது பெரிய அணிக்கு வரலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. மொழியியல் சீராய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகள் ஆயின. மேலும் 1,474 பெயர்கள் 'வகைப்படுத்தப்படாதவை' என ஒதுக்கப்பட்டன. 10,000 பேரும் அதற்கு மேலும் பேசுபவை என்ற வரம்பை வைத்து, தொகுத்துப் பெற்றவை 121 மொழிகள். 22 அட்டவணை மொழிகள், 99 அட்டவணையில் இல்லாதவை. இந்த 10,000 வரம்பு 1971 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது.

சுருக்குவது குற்றமன்று. 19,569 பெயர்களோடு எந்த அரசும் திட்டமிட முடியாது. கேள்வி வேறு: அந்த 19,569இல் எது எந்த 1,369க்குள் சென்றது? எவை அந்த 1,474? வெளியிடப்பட்ட மொழி அட்டவணைகளில் அந்தப் பொருத்தப் பட்டியல் இடம்பெறவில்லை. முதல் விடை நாட்டுக்கு வழங்கப்பட்டது. மூன்றாம் விடை வழங்கப்படவில்லை. ஆகவே 1,369 என்ற எண்ணை நம்பலாம் அல்லது ஐயுறலாம், சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத எண் அறிவியலில் கருத்து என்றே கருதப்படும்.

தீவுகளில் இதன் விளைவு என்ன? 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெரிய அந்தமானியர் 44 பேர், ஓங்கே 101 பேர், ஜாரவா 380 பேர், ஷோம்பென் 229 பேர். இவர்களில் எவர் மொழியும் 10,000 வரம்பின் அருகில்கூட வராது. பெரிய அந்தமானியக் குடும்பத்தின் கணக்கு இப்படி முடிகிறது: பெயராக 13, மொழியாக 10, சட்ட வரியாக 1, மொழி அட்டவணையில் 0. ஒவ்வொரு படியிலும் ஒரு யூனிக் செயற்கூறு இயங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் திரும்பும் வழி அச்சிடப்பட்டிருந்தால் சுழியத்திலிருந்துகூட 13க்குத் திரும்பி வரலாம்.

நிகோபாரியின் கதை இன்னும் நுட்பமானது. அது 121 மொழிகளுள் ஒன்று. பேசுவோர் சுமார் 29,000. ஆனால் நிகோபாரி என்பது ஒரு மொழியன்று. கார், சௌரா, தெரெசா, நடு நிகோபார், தென் நிகோபார் என்று மொழியியலாளர் பிரிப்பர். சேர்த்து எண்ணியதால் பட்டியலில் இடம் கிடைத்தது. பிரித்து எண்ணினால் கார் நீங்கலாக எஞ்சியவை 'பிற' என்ற குழிக்குள் விழும். அதாவது வரம்பும் தொகுப்பும் சேர்ந்து, 'வேறு என்று சொன்னால் காணாமற்போவாய். ஒன்று என்று சொன்னால் உன் பெயரை இழந்து வாழ்வாய்' என்று சிறு மொழிகளுக்குச் சொல்கின்றன. மூன்றாம் விடை அச்சிலிருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் கட்டாயமே எழாது. மேலே நிகோபாரி, கீழே சௌரா, இரண்டும் நிற்கும்.

இதைப் படிக்கும் தமிழர் ஒதுங்கி நின்று இரங்க வேண்டியதில்லை. அந்தமான் நிகோபாரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ் என்று அதே கணக்கு சொல்கிறது. நாடளவில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் இருளா, கைகாடி, கொரவா, எருகுலா ஆகியவையும் தொகுக்கப்பட்டுள்ளன. இருளாவையும் எருகுலாவையும் தனி மொழிகளாகக் கொள்ளும் திராவிட மொழியியலாளர் பலர். இந்திக்குள் போஜ்புரியும் சாத்ரியும் அடங்குவதைக் கண்டித்து எழுதும் கை, தமிழுக்குள் இருளா அடங்குவதைக் கண்டு மௌனமாக இருப்பது முறையன்று. குறைந்தது மத்திய அட்டவணை அந்தப் பெயர்களை உட்தலைப்பாகக் காட்டுகிறது. தமிழ்நாட்டு ஆய்வேடுகளில் அந்த உட்தலைப்புகூடக் காணக் கிடைப்பது அரிது.

6. தரவே இல்லாத மதிப்பு

சென்டினலி என்பது பன்னாட்டுக் குறியீடு பெற்ற மொழி. அம்மக்கள் 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 15 பேர். அந்த எண்ணும் தொலைவிலிருந்து கண்டு எழுதப்பட்டது. அவர்கள் மொழியிலிருந்து ஆய்வுக்குரிய சொற்பதிவு எதுவும் கிடையாது. எனினும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் சென்டினலி ஜாரவாவோடும் ஓங்கேயோடும் ஒரு வரியாக நிற்கிறது.

யூனிக் செயற்கூறு இதை ஒருபோதும் செய்யாது. அணியில் இல்லாத மதிப்பு பட்டியலில் வராது. வந்தால் அதற்குச் சுட்டும் எண் ஒன்றும் இராது. சுட்டெண் வரிசையை அச்சிடும் வழக்கம் இருந்திருந்தால், சென்டினலிக்கு எதிரே எந்த அட்டையும் இல்லை என்பது முதற்பார்வையிலேயே புலப்பட்டிருக்கும். பட்டியல் மட்டும் இருப்பதால், மாணவர்கள் அதை அறியப்பட்ட மொழி என்று எண்ணி, உறவு காட்டும் மரவரைபடத்தில் கிளையாக வரைகின்றனர். தீவுக்குச் செல்வது இதற்குத் தீர்வாகாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது, தடுப்பதே சரி. அறியாததை அறியாதது என்று எழுதுவதே தீர்வு.

7. மறுப்புகள்

'இது கணினி வேலை, மொழியியல் அன்று' என்பது முதல் மறுப்பு. தமிழ்ப் பதிப்பு வரலாறு இதற்கு விடை சொல்லும். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார். தேராத பாடங்களை எறிந்துவிடவில்லை. பாடபேதங்களைத் தம் பதிப்புகளில் அடிக்குறிப்பாகப் பதிந்தார். மேலே நின்ற பாடம் முதல் விடை. அடியில் நின்ற பேதம் மூன்றாம் விடை. பின்வந்தோர் அவர் தேர்வோடு மாறுபட முடிந்ததே அந்த அடிக்குறிப்பால்தான். மாறுபட வழி விடுவதே புலமை நேர்மை. அதைக் கணினி வேலை என்று தள்ளுவோர் தம் மரபையே தள்ளுகின்றனர்.

'பக்கங்கள் போதா' என்பது இரண்டாம் மறுப்பு. அச்சுத்தாளின் காலத்தில் இது நியாயம். இன்று 19,569 வரிகள் கொண்ட பொருத்தப் பட்டியல் ஒரு நிழற்படத்தைவிடச் சிறிய கோப்பு.

'சிறு சமூகங்களின் தனியுரிமை பாதிக்கப்படும்' என்பது மூன்றாம் மறுப்பு. இது மட்டுமே கனமானது. 44 பேர் கொண்ட சமூகத்தில் எவர் எந்தப் பெயரைச் சொன்னார் என்று வெளியிட்டால் ஆளையே அடையாளம் காட்டியதாகும். அதை எவரும் கோரக்கூடாது. ஆனால் இங்கே இரண்டு அணிகள் உள்ளன. ஒன்று மனிதர்களின் அணி. மற்றொன்று பெயர்களின் அணி. மனிதரிலிருந்து பெயருக்குச் செல்லும் சுட்டெண் மறைவாகவே இருக்கட்டும். பெயரிலிருந்து மொழிக்குச் செல்லும் சுட்டெண்ணில் மனிதர் எவரும் இல்லை. 1959 ஆணை 13 பெயர்களை ஒரே வரியில் வெளியிட்டது. அதனால் எவருடைய வீட்டுக் கதவும் தட்டப்படவில்லை. தனியுரிமையைக் காட்டி இரண்டாவதையும் மறைப்பது பாதுகாப்பன்று, சோம்பல்.

'அந்த மொழிகளே கலந்துவிட்டன. பிரித்து என்ன பயன்' என்பது நான்காம் மறுப்பு. கலந்தது உண்மை. ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டோரின் பேச்சு, ஜெருவை அடித்தளமாகக் கொண்டு போ, கோரா, சாரி ஆகியவற்றின் கூறுகளை ஏற்ற கலப்பு மொழி என்பதை அன்விதா அப்பியின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஏன் ஜெரு? 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் விளக்கத்துக்கு ஒரு தொடக்கமாவது கிடைக்கும். பெரிய அந்தமானியர் மொத்தம் 625 பேர் என்று அது சொல்கிறது. அதோடு நில்லாமல் ஜெரு 218, கோரா 96, கெதே 59, புச்சிக்வார் 50, போ 48, ஜுவோய் 48, சாரி 39, பியா 37, பாலே 19, கோல் 11 என்று பிரித்தும் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜெரு. 625 என்ற ஒற்றை எண் மட்டும் எஞ்சியிருந்தால் இந்தக் கேள்வியையே எழுப்பியிருக்க முடியாது. கலப்பை ஆராயவே பிரிப்பு வேண்டும்.

போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று காலமானார். அந்த நாளோடு போ என்ற மதிப்பைச் சுட்டும் அட்டைகளின் எண்ணிக்கை நிலைத்துவிட்டது. இனி ஒன்று கூடாது. குறைய மட்டுமே முடியும். ஒவ்வொரு முறை ஓர் ஆய்வாளர் போ அட்டைகளைப் 'பெரிய அந்தமானியம்' என்ற ஒரே மதிப்புக்குள் தொகுத்துவிட்டுச் சுட்டெண்ணை எறியும்போதும் அது குறைகிறது.

8. செய்ய வேண்டியது

கோரிக்கைகள் எளியவை. சொற்பட்டியலோ மொழிப்பட்டியலோ இணைக்கும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் மூல வடிவங்கள் அனைத்தும், அவை எந்தத் தலைப்புக்குள் சென்றன என்ற பொருத்தமும் மின்னிணைப்பாக இருக்க வேண்டும். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, முதல் இடமா கடைசி இடமா, எண்ணுவது 0 முதலா 1 முதலா என்பது ஒரு வரியிலாவது எழுதப்பட வேண்டும். தமிழ் எழுத்துத் தரவு ஒப்பீட்டுக்கு முன் ஒருங்குறி இயல்பாக்கம் பெற வேண்டும். ஒன்றெனச் சேர்த்த ஒவ்வொரு இணைக்கும் சேர்த்தவரின் காரணம் வேண்டும். வாய்மொழித் தேர்வில் நெறியாளரும் தேர்வாளரும் 'எத்தனை தனித்த சொற்கள்' என்று கேட்பதோடு, 'எந்தச் சொல் எந்த அட்டையிலிருந்து' என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு, முதன்முறையாக மின்னணு வழியில் நடக்கவிருக்கிறது. மக்கள் சொல்லும் பெயர்கள் இம்முறை தாளில் மடங்கிக் கிடக்கமாட்டா. தொடக்கத்திலிருந்தே கணினியில் அணியாகவே இருக்கும். பெயரிலிருந்து மொழிக்கான பொருத்தப் பட்டியலை வெளியிடுமாறு மொழியியல் துறைகள் இப்போதே கேட்க வேண்டும். அட்டவணைகள் வெளிவந்த பின் கருத்தரங்கில் வருந்துவதால் பயனில்லை.

ஆனால் அரசைக் கேட்கும் முன் துறை தன் கோப்புகளைத் திறந்து பார்க்கட்டும். மூன்றாம் விடையைத் தன் ஆய்வேட்டில் வைக்காதவருக்கு அதைத் தலைமைப் பதிவாளரிடம் கேட்கும் தகுதி இல்லை.